ஏரிகளுக்கிடையே ஜீவராசிகளின் பிரயாணம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கத்தில், ஐப்பசி அடைமழை விடாமல் பெய்து ஓய்ந்தபின், நிரம்பிய ஏரியின் கலங்கல் வழியே உபரி நீர் சரிந்து விழும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்ப்பவர், அந்த நீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் துள்ளித் துள்ளி ஏறுவதையும், ஏற மாட்டாமல் கல்லில் மோதி விழுந்த மீன் மறுபடியும் அதே இடத்தில் எழும்புவதையும் காணலாம். பறியும் வலையுமாகக் கூடும் ஊராருக்கு அது அன்றைய குழம்புக்கு வந்த வரவு. உயிரியல் பயின்றவருக்கோ, ஒரு பிரதேசத்தில் எத்தனை வகை ஜீவராசிகள் சேர்ந்து வாழ முடியும் என்ற பெரிய கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிகள் பெரும்பாலும் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் கீழ் ஏரிக்கும், அங்கிருந்து அடுத்ததற்குமாக இறங்கிக்கொண்டே போகும். ஏரிகளைப் பேணுவதற்கென்றே உத்திரமேரூர்ச் சபையார் ஏரி வாரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்த முறை, முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்களில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பயிருக்காகச் செய்த அந்த ஏற்பாட்டில், நீரோடு மீன் குஞ்சும் அல்லி விதையும் நத்தையும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் ஊர்விட்டு ஊர் சென்றன. வைகாசியில் வெடித்துக் கிடந்த ஏரி கார்த்திகையில் மீன் நிறைந்து விளங்குவதற்கு இது முக்கியமான காரணம்.

கால்வாய் இல்லாவிட்டாலும் சில ஜீவன்கள் வழி கண்டுகொள்கின்றன. பனையேறிக் கெண்டைக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. செவுள் மூடியின் ஓரத்து முட்களை ஊன்றிக்கொண்டு, ஈரத் தரையில் உடலை நெளித்து நகர்ந்து, குளம் விட்டுக் குளம் போய்விடும். தரங்கம்பாடியில் டென்மார்க் கம்பெனியாரின் சேவையிலிருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791-இல் இம்மீனைப் பனை மரத்தின் மேலேயே பிடித்ததாக எழுதிய குறிப்பு, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மரமேறும் கதையைப் பிற்காலத்தார் சந்தேகித்தாலும், அது தரையைக் கடப்பது மெய்யே.

நடக்கவும் நீந்தவும் இயலாதவற்றைப் பறவைகள் சுமக்கின்றன. ஒரு சிறு குளத்தின் கரையோரத்தில் மூன்று மேஜைக் கரண்டி அளவு சேற்றை எடுத்து, ஆறு மாதம் தம் அறையில் மூடி வைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணிவந்த சார்லஸ் டார்வின், அவற்றின் தொகை 537 என்று தமது 1859-ஆம் வருஷத்து நூலில் எழுதியிருக்கிறார். வேடந்தாங்கலுக்கு வட தேசங்களிலிருந்து வரும் ஊசிவால் வாத்தின் காலில் ஒட்டிய சேற்றை இந்தக் கணக்கோடு சேர்த்து நினைத்துப் பார்க்கும்போது, ஓர் ஏரியின் எல்லை அதன் கரையோடு முடிவதாக நம்மால் எண்ண முடிவதில்லை.

இனி, இந்த வரத்துப் போக்கினால் விளைவதென்ன? 1967-இல் ராபர்ட் மெக்கார்தர், எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், ஒரு தீவில் வாழும் இனங்களின் தொகையானது, புதிதாக வந்து சேர்வனவற்றுக்கும் அழிந்துபோவனவற்றுக்கும் இடையே ஏற்படும் சமநிலையே என்று விளக்கினார்கள். நீர்வாழ் உயிர்களுக்கு ஏரியும் ஒரு தீவுதான். அடுத்த ஏரியோடு தொடர்பு அறவே அற்றால், ஒரு கடும் வறட்சியில் இழந்த இனம் மறுபடி வருவதற்கு வழியில்லை. ஆண்டுதோறும் ஏரி வறுமையடையும். ஆனால் இதிலிருந்து, தொடர்பு பெருகப் பெருக வளமும் பெருகும் என்று முடிவு கட்டிவிடலாகாது. 2003-இல் மூக்கே, லொரோ என்ற ஆய்வாளர்கள் கணித முறையில் காட்டியபடி, பிரயாணம் மிதமாக இருக்கும்போதுதான் ஒவ்வோரிடத்திலும் இனங்களின் தொகை உச்சத்தை அடைகிறது. அது எல்லை மீறினால், எல்லா ஏரிகளும் சேர்ந்து ஒரே ஏரியைப் போலாகி, எங்கும் பொருந்தி வாழவல்ல சில இனங்கள் மட்டும் நிலைத்து, ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் உள்ள வேற்றுமை மறைந்து, பிரதேசம் முழுவதுமே வளம் குன்றுகிறது. ஆழமான ஏரிக்கு விரால், மணற்பாங்கான ஓடைக்கு அயிரை என்று இடத்துக்கிடம் வேறுபட்டு நிற்பதே நம் நாட்டு நீர்நிலைகளின் செல்வம்.

இந்த இரண்டு கேடுகளும் ஒருங்கே நேர்ந்திருப்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. ஒருபுறம், மனையாகவும் சாலையாகவும் மாறிய வரத்துக் கால்வாய்களால், கூப்பிடு தூரத்திலுள்ள இரண்டு ஏரிகள் ஒன்றையொன்று அறியாதவை ஆகிவிட்டன. மறுபுறம், கடல் கடந்த ஜீவன்கள் மனிதன் கையால் எளிதாக வந்து சேர்கின்றன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது நம் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டை, முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காத்துக் குஞ்சு பொரிப்பதாலும், வருஷத்தில் பலமுறை இனம் பெருக்குவதாலும், உள்ளூர் மீன்களின் இடத்தை விரைவில் பிடித்துக்கொள்கிறது. தென் அமெரிக்காவின் ஆகாயத் தாமரையோ நீர்ப்பரப்பையே மூடி, வெயிலும் பிராணவாயுவும் கீழே எட்டாதபடி செய்துவிடுகிறது. அருகிலுள்ள அயிரைக்கு அடைபட்ட வழி அயலானுக்குத் திறந்திருப்பது பெரிய அநியாயம்.

ஆகையால் ஓர் ஏரியைச் செப்பனிடப் புகுவோர், மதகையும் கரையையும் மட்டும் சரிசெய்து திருப்தியடையாமல், மேல் ஏரியிலிருந்து வரும் கால்வாயையும் கீழ் ஏரிக்குப் போகும் கால்வாயையும் அளந்து மீட்க வேண்டும்; கலங்கலை மீன் ஏற முடியாத செங்குத்துச் சுவராகக் கட்டாமல், கல் பதித்த சரிவாக அமைக்க வேண்டும்; வளர்ப்பு மீன் விடும்போது எந்த இனத்தை விடுகிறோம் என்று விசாரிக்க வேண்டும். தூர்வாரும்போது படுகை முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டிவிடாமல், பகுதி பகுதியாக வாருவதும் அவசியம். டார்வினின் சேற்றில் உறங்கிய விதைகளைப் போலவே நம் ஏரிச் சேற்றிலும் அல்லியும் கோரையும் நீர்ப்பூச்சிகளின் முட்டைகளும் உறங்குவதால், வாராமல் விட்ட பகுதியிலிருந்து அடுத்த மழையிலேயே ஏனைய பகுதிக்கு அவை பரவிவிடும்.