கொல்லிமலையின் புல் வீடுகள்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் முதலில் எண்ணுவது கொண்டை ஊசி வளைவுகளைத்தான். மொத்தம் 70 வளைவுகள். வளைவுக்கு வளைவு தலை சுற்றி மேலே போய்ச் சேர்ந்ததும், அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியில் நனைந்து, கொஞ்சம் மிளகும் ஓர் அன்னாசிப் பழமும் வாங்கிக்கொண்டு அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள். வல்வில் ஓரி ஆண்ட மலையைப் பார்த்தாகிவிட்டது என்பதில் அவர்களுக்குப் பரம திருப்தி. "மலையில் இருக்கும் வீடுகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அங்கே வீடுகள் ஏது? குடிசைகள்தானே!" என்பார்கள்.

நாமோ உபாத்தியாயர். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவது நம் தொழிலைச் சேர்ந்தது. அவ்விதம் போய்ப் போய், அந்தக் 'குடிசைகள்' மீது நமக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. ஆனால் நம் மதிப்பு வளர வளர, வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. அவற்றைக் காப்பாற்ற முடியுமா, காப்பாற்றத்தான் வேண்டுமா என்று நேயர்களுடன் சேர்ந்து ஆலோசிக்க விரும்புகிறோம்.

மலையில் ஆளும் வீடும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது கொல்லிமலை. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். மேற்கே கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்றே அதற்குப் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலை 14 நாடுகளாகப் பிரிந்திருக்கிறது.

அந்த நாடுகளின் பழைய வீட்டுக்கு வேண்டிய சாமான் ஒன்றுகூடக் கீழேயிருந்து வந்ததில்லை. மூங்கிலும் மரமும் காட்டில் கிடைத்தன. மண் காலடியிலேயே இருந்தது. கூரைக்குப் புல் மலைச் சரிவில் விளைந்தது. மூங்கிற் பிளாச்சுகளை நிறுத்தி, மண் அப்பி, சாணமிட்டு மெழுகினால் சுவர் ஆயிற்று. அதன் மேல் தாழ்ந்து இறங்கும் புல் கூரை; முன்னே ஒரு சிறு திண்ணை; உள்ளே அடுப்புக்கு மேல் ஒரு பரண். மார்கழிக் குளிரில் நம் விரல்கள் சுண்ணாம்புக் கட்டியைப் பிடிக்க மாட்டாமல் விறைத்துப் போகும் நாட்களில், அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இதமாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே வீடு குளிர்ந்திருக்கும். அடுப்புப் புகை கூரையின் வழியே கசிந்து வெளியேறும். போகிற போக்கில் புல்லையும் மூங்கிலையும் பூச்சி அரிக்காமல் காத்துவிட்டுப் போகும். படித்த எஞ்சினீயர் யாரும் போட்ட திட்டம் அல்ல. பல தலைமுறைகளின் அநுபவம்.

வீட்டை ஒட்டி இன்னொரு சிறு கட்டடமும் நிற்கும். அதற்குத் 'தொம்பை' என்று பெயர். தரை ஈரம் ஏறாதபடி உயர்த்திக் கட்டி, மண் பூசி, மேலே புல் வேய்ந்த தானியக் களஞ்சியம் அது. சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களும், அடுத்த வருஷத்து விதையும் அதில்தான் வாசம் செய்யும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, தாய் வீட்டின் பக்கத்தில் குழந்தை வீடு ஒன்று நிற்பதுபோலத் தோன்றும்.

"நீங்கள் பார்த்துவிட்டுப் போகிறீர்கள்"

இவ்வளவு நல்ல வீட்டை ஏன் இடிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை ஒரு மாணவனின் பாட்டியிடமே நாம் கேட்டுவிட்டோம். அவருடைய பதில் நம் அழகுணர்ச்சிக்கு நல்ல பாடமாக அமைந்தது.

"வாத்தியாரய்யா, நீங்கள் பார்த்துவிட்டுப் போகிறீர்கள், நாங்கள் அல்லவா இருக்கிறோம்! ஒரு பொறி விழுந்தால் எல்லாம் போயிற்று. மழை தப்பாமல் ஒழுகுகிறது. புல் அறுக்கப் பத்துப் பேர் வந்த காலம் போய்விட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். இந்தக் கிழவி கூரைமேல் ஏறுவேனா?"

நம்மால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. சர்க்கார் உதவியோடு மழை ஒழுகாத வீடு கட்டிக்கொள்ள ஏழைக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. 1985-இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010-இல், தமிழ்நாட்டின் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையே இல்லாத தமிழ்நாட்டைக் காண்பது என்று 2024-இல் இன்னொரு திட்டம் பிறந்தது. இவற்றையெல்லாம் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒன்று சொல்லலாம். திட்டத்தின் கண்ணுக்கு மண் சுவரும் புல் கூரையும் ஒழிக்கவேண்டிய தரித்திரமாக மட்டுமே தெரிகின்றன. அவற்றுக்குள் இருக்கும் அறிவு தெரிவதில்லை. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே அச்சில் வார்த்த வீடுதான்.

பாட்டி சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அது வயலில் இருக்கிறது. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் இப்போது பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு விளைகிறது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகக் கிழங்கு இறங்குகிறது; கையில் பணம் வருகிறது. பணத்துக்கு விற்கும் கிழங்குக்குத் தொம்பை எதற்கு? உரலில் சாமை குத்தி அலுத்துப்போன பெண்களுக்கு நியாய விலைக் கடை அரிசி வந்தபிறகு சாமைதான் எதற்கு? பயிர் மாறிற்று, களஞ்சியம் காலியாயிற்று. காலியான கட்டடத்துக்கு யாரும் சாணம் மெழுகுவதில்லை.

புதுச்சேரியும் ஜப்பானும்

பழைய வீடுகளைக் காப்பாற்றியவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்? நமக்கு அருகிலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே பிரெஞ்சுக்காரர் தெருக்களை எல்லாரும் அறிவார்கள். அவற்றுக்கு மேற்கே, தெருவோரத் திண்ணையும், அதன் மேல் தூண்கள் தாங்கும் தாழ்வாரமுமாகத் தமிழர் வீடுகள் நிற்கும் தெருக்களை அறிந்தவர்கள் குறைவு. அவற்றில் ஒன்றான வைசியாள் வீதியின் முகப்புகளை இந்தியக் கலை பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தது. செலவில் வீட்டுக்காரரும் ஒரு பங்கு ஏற்றார். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. அதே ஊரில், கடற்கரையில் கம்பீரமாக நின்ற பழைய நகர மண்டபம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்ததையும் நாம் மறக்கக்கூடாது. வீட்டுக்காரர் மெழுகிப் பெருக்கிக் குடியிருந்த தெரு நிமிர்ந்தது; பராமரிப்பில்லாத மாளிகை மண்ணாயிற்று.

"புதுச்சேரி வீடு செங்கல்லும் சுண்ணாம்பும், புல் கூரையை எப்படிக் காப்பாற்றுவது?" என்று கேட்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே சிராகவா-கோ என்ற மலைப் பிரதேசத்தில், கைகூப்பியது போன்ற செங்குத்தான புல் கூரைகளோடு பெரிய பெரிய வீடுகள் நிற்கின்றன. அவற்றின் பரண்களில் முன்பு பட்டுப்பூச்சி வளர்த்தார்கள். 1971-இல் ஒகிமாச்சி என்னும் கிராமத்தார் ஒன்றுகூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்கள். ஒரு வீட்டின் கூரையைப் புதிதாக வேயவேண்டுமானால் ஊரே திரண்டு வந்து கைகொடுக்கிறது. தீப் பிடித்தால் அணைக்க வீடுகளுக்கிடையே தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். 1995-இல் அக் கிராமம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

கவனியுங்கள்: பாட்டி சொன்ன குறைகள், அதாவது தீ, ஆள் பற்றாக்குறை, கூரை வேலை எல்லாம் ஜப்பானியருக்கும் இருந்தன. அவற்றுக்குப் பரிகாரம் கண்ட பிறகே அவர்களுடைய கூரைகள் நிலைத்தன. வெறும் அழகைப் புகழ்ந்து எந்தக் கூரையும் நிற்கவில்லை.

செய்யக்கூடியது என்ன?

எல்லாரும் மீண்டும் புல் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்ல நாம் தயாராயில்லை. பட்டணத்து மின் விசிறியின் கீழ் உட்கார்ந்து அப்படிச் சொல்வது பாவம். ஆயினும் சில காரியங்கள் செய்யலாம். புதிய வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வேண்டுமென்பவர், சுவரை மட்டுமாவது பண்படுத்திய மண்ணில் கட்டிக்கொள்ளத் திட்டத்தில் இடம் வைக்கலாம். நாட்டுக்கு ஒரு பழைய வீட்டையாவது ஊர்ப் பொதுவில் எடுத்து, அதிலே விதைக் களஞ்சியமோ குழந்தைகள் வாசகசாலையோ நடத்தலாம். வேலை உள்ள வீடு தானே பிழைக்கும். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம் 1990-களிலிருந்து மலையில் சிறுதானியங்களுக்காக உழைத்து, விதை வங்கிகளை ஏற்படுத்தி, சாமை தீட்டும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது. உரல் உலக்கையின் பாரம் குறைந்தால் சாமை திரும்பும். சாமை திரும்பினால் தொம்பைக்கு மறுபடியும் வேலை வரும்.

நம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளைகள் தத்தம் தாத்தா வீட்டை அளந்து படம் வரையட்டும். எந்த மரம் தூணுக்கு, எந்தப் புல் கூரைக்கு, எந்த மாதத்தில் அறுப்பது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதட்டும். கூரை வேயத் தெரிந்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. அவை ஓய்வதற்குள் கேட்டுக்கொள்ளாவிட்டால் பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

அந்தப் பாட்டியின் பழைய வீடு இப்போது இல்லை. பேரனுடைய கான்கிரீட் வீடு அந்த இடத்தில் நிற்கிறது. ஆனால் தொம்பையை இடிக்கவேண்டாம் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டோம்.

"கொல்லையில் கொஞ்சம் சாமை போட்டிருக்கிறேன், ஐயா. விதையை வேறு எங்கே வைப்பது?" என்றார்.

புதிய வீட்டின் பக்கத்தில், புதிதாகச் சாணம் மெழுகிய மேனியோடு அந்தத் தொம்பை நின்றுகொண்டிருந்தது. கொல்லிமலைக்குப் போகும் நேயர்கள் 70 வளைவுகளையும் எண்ணி முடித்த பிறகு, இத்தகைய தொம்பைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்றும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.