கொல்லையிலே காய்க்குது, குழம்புக்குக் காய்!

வாடிப்பட்டியைச் சுற்றிலும் வயல்தான். பேரணையில் மதகு திறந்தால் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும். பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வாடிப்பட்டி வட்டாரமும் அதில் சேர்த்தி.

ஆனால் அந்தத் தண்ணீர் நெல்லுக்கு! குழம்புக்குக் காய் வேண்டுமென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குத்தான் போக வேண்டும். ஒட்டன்சத்திரம், பரவை மார்க்கெட் காய்களின் விலையில் வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்ந்தே வரும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. கொல்லையில் நாலு செடி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை பாதிதான்.

கணக்குப் பார்த்தால்...

லாபம் பெரிதில்லை என்பதே உண்மை. மண், எரு, தண்ணீர், பந்தல் கால் எல்லாம் காசு. விலை மலிந்த மாதத்தில் கடைக்காயே சல்லிசு!

அப்புறம் ஏன் காலையில் பல் தேய்க்கும் முன்பே செடியைப் பார்க்க ஓடுகிறார்கள்? நேற்றுப் பூவாக இருந்தது இன்று பிஞ்சு. அதுதான் விஷயம். என்ன மருந்து அடித்தார்களோ என்ற சந்தேகமும் இல்லை.

கீரை 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். வெண்டை 45 நாளில் கைக்கு வரும். கத்தரி மட்டும் பொறுமையைச் சோதிக்கும். அரைக் கிலோ காய்த்தாலும் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். "இந்தாங்க மதினி, நம்ம வீட்ல காய்ச்சது!" என்னும்போது குரலில் ஒரு மிடுக்கு. கடையில் வாங்கிய காயை யாரும் அப்படிக் கொடுப்பதில்லை!

நம்ம ஊர் ரகம்

நல்ல ரகம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெரியகுளத்தில் உருவாக்கி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை, விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். மதுரை வேளாண் கல்லூரியின் எம்.டி.யு.1 பாகல், பந்தலில் முக்கால் முழம் தொங்கும். முருங்கையை ஜன்னலோரம் மட்டும் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கட்டில் வரை வந்துவிடும்! கோழி மேயும் வீட்டில் வேலி கட்டாமல் கீரை விதைப்பதும் வீண் வேலை.

கொல்லை இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி. 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டப் பொருட்களை 225 ரூபாய்க்கும், கிராமத்து வீடுகளுக்கு 12 வகை விதையை 15 ரூபாய்க்கும் தரும் திட்டத்தை 2021-ல் அரசு கொண்டு வந்தது.

அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் கீரைக்கு ஆகாது. அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பினால், விடியலில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பாட்டி காலத்து வைத்தியம்.

ஆடி பிறந்தால் அவரை, பீர்க்கு, புடலை ஊன்றலாம். அவரைக்கு மட்டும் அவசரம் கூடாது. மார்கழிப் பனியில்தான் பூத்துக் கொட்டும். பொங்கல் குழம்புக்குச் சரியாக இருக்கும்!