பதினான்காயிரம் மைல் ஓடியவர்களும் பதினொரு நாள் தங்கியவர்களும்

பத்தாம் வகுப்பில் பிரயாணத் தொழுகை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மர்ஹலா, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 82 கிலோமீற்றர் தூரத்தை நாடிப் புறப்படுகிறவர் முஸாபிர். போன ஊரில், வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் அவர் முகீம், ஊரவர் என்று ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"மௌலவி சேர், சைக்கிள் கடையில நிக்கிற வெள்ளைக்காரரும் அவர்ட மனுசியும் முஸாபிரா, முகீமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவன் யாரைச் சொல்கிறான் என்பது பதுளையில் அந்த வாரம் எல்லோருக்கும் தெரியும். பல நாடுகளைச் சைக்கிளிலேயே கடந்து வந்த ஐரோப்பியத் தம்பதியர். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பண்டாரவளைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது ஹாலிஎலைக்கு அருகில் ஒரு குழியில் விழுந்து மனைவியின் பின்சில்லு ரிம் வெடித்துவிட்டது. அந்த அளவு ரிம் இங்கே இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். வந்த முதற் பொதியிலும் அளவு தவறிவிட்டது. இன்று வரும், நாளை வரும் என்று பதுளு ஓயாவின் கரையிலே அவர்கள் பதினொரு நாட்கள் தங்க நேர்ந்தது.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எப்போது காரியம் முடியுமோ என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருப்பவருக்குச் சட்டம் வேறு. பதினெட்டு நாள் வரைக்கும் அவர் முஸாபிர்தான்." அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்தான்.

சைக்கிளில் உலகைப் பார்க்கப் புறப்பட்ட கணவன் மனைவியர் இவர்களுக்கு முன்பும் நமது தீவுக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஹன்டர் வேர்க்மன் என்ற வைத்தியரும் அவரது மனைவி ஃபானி புல்லக் வேர்க்மனும் 1897 முதல் 1899 வரை இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் சைக்கிளோட்டினார்கள். அவர்கள் வந்த காலத்தில் நமது மலைநாட்டு ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இல். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை சென்ற அப்பயணத்தைப் பற்றி 1904இல் வெளியிட்ட நூலில் பதினான்காயிரம் மைல் என்று தலைப்பிலேயே குறித்திருக்கிறார்கள். ஒரே நாளில் நாற்பது தடவை கூட டியூபுக்கு ஒட்டுப்போட நேர்ந்ததாம்! தங்க இடமின்றி ரயில் நிலையங்களில் உறங்கிய இரவுகளும் உண்டு. அந்த மனத்திடத்தை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால், அந்த நூலை நிறைத்திருப்பது கோயில்களும் கோட்டைகளும் பழங்கட்டடங்களும்தான். அவற்றின் நிழலில் வாழ்ந்த மனிதர்கள் அதில் அபூர்வம்.

1898ஆம் ஆண்டுக் கோடை வெயிலுக்கு ஒதுங்கி அவர்கள் காஷ்மீருக்குப் போனார்கள். அங்கே ஜீலம் நதியின் இரு கரையிலும் படர்ந்திருப்பது ஸ்ரீநகர். அமீரா கதல், ஸைனா கதல் என்று பாலங்களின் பெயராலேயே மக்கள் தமது மஹல்லாக்களைச் சொல்லும் ஊர். ஷாஹ் ஹமதான் (ரஹ்) அவர்களின் கான்காஹ் ஆற்றின் படித்துறைக்கு மேலேயே நிற்கிறது. வெளியார் நிலம் வாங்கக்கூடாது என்று மகாராஜாவின் ஆட்சி தடுத்திருந்ததால் ஆங்கிலேயர் படகுகளையே வீடாக்கிக்கொண்டு தங்கினார்கள். ராவல்பிண்டியிலிருந்து வரும் வண்டிப்பாதை ஸ்ரீநகரை எட்டியதும் அதற்கு முந்திய ஆண்டில்தான். பனிமலைகளைக் கண்ட தம்பதியருக்குச் சைக்கிள் மறந்துபோயிற்று. 1912 வரை மீண்டும் மீண்டும் வந்து பியாபோ, ஹிஸ்பர், சியாச்சின் பனியாறுகளில் ஏறினார்கள். 1906இல், 47 வயதில், ஃபானி அம்மையார் நுன்குன் தொடரில் 6,930 மீற்றர் உயரச் சிகரத்தில் கால் வைத்தார். பெண்களில் அந்தச் சாதனையை 1934 வரை யாரும் முறியடிக்கவில்லை. ஒரு பயணத்தை மனைவி தலைமைதாங்கினால் அடுத்ததைக் கணவன் நடத்துவது என்று முறைவைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஆண்களில் எத்தனை பேர் இதற்கு உடன்பட்டிருப்பார்கள்?

அந்த மலைகளில் மூட்டை சுமந்தவர்கள் யார்? பெரும்பாலும் பல்திஸ்தானின் ஏழை முஸ்லிம் கிராமத்தவர்கள். காஷ்மீர் நாட்டில் 'பேகார்' என்றொரு கொடுமை நெடுங்காலம் இருந்தது. அரசு கேட்டால் விவசாயி உழவைப் போட்டுவிட்டுச் சுமைதூக்கப் போகவேண்டும். கில்கித் பாதையில் போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அந்த வடு ஆறாத மக்களிடம் இவர்கள் அவசரம் காட்டினார்கள். 1898இல் சிக்கிமில் சுமையாளர்கள் மறுத்துவிட்டதால் பயணமே நின்றுபோயிற்று. இமயமலை வரலாற்றை எழுதிய கென்னத் மேசன், இந்தத் தம்பதியர் பொறுமையற்றவர்கள், சுமையாளர்களின் மனதை அறிய முயலாதவர்கள் என்றே குறை சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நமது தோட்டத்து முன்னோர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்களே, அவர்களும் மைல்களைக் கடந்தவர்கள்தாம். நூல் எழுத அவர்களிடம் எழுதுகோல் இருக்கவில்லை.

நமது விருந்தாளிகளுக்கு வருவோம். முதல் மூன்று நாட்களில் துன்ஹிந்த அருவி, முத்தியங்கனை விகாரை, மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் நினைவாகக் கட்டிய கிறிஸ்தவ தேவாலயம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். ரிம் வந்திருந்தால் நான்காம் நாள் போயிருப்பார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லைக் குன்றுகளையும் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் இவர்களும் இருவராக இருந்திருப்பார்கள்.

போக முடியவில்லை. ஆகவே கணவர் கடையிலே உட்கார்ந்து சில்லுக்குக் கம்பி கோக்கும் வேலையில் நானாவுக்கு உதவலானார். கடைப் பையன் ஒருநாள் அவர்களைத் தன் தோட்டத்து லயத்துக்குக் கூட்டிப்போனான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எட்டுப் பேர். மாலையில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்துவிட்டு, ஈரத்துக்கும் கூடைக்கும் என்று ஏன் கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள் என்று அவர் கேட்டாராம். பையனுக்குப் பதில் தெரியவில்லை. அது எப்போதும் அப்படித்தான் என்றானாம்.

அம்மையார் நானாவின் வீட்டு அடுப்படியில் பிட்டு அவிக்கப் பழகினார். ஒருநாள் நானாவின் மனைவி, "பிள்ளைகளை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக் கேட்டாள். இரண்டு பேர், வளர்ந்துவிட்டார்கள் என்றார் அந்தப் பெண். பிறகு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார். நானாவின் மனைவி நான்கு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்தவள். கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை இவளை 'தாத்தா' என்று அழைத்ததாம். அதைச் சொல்லும்போது மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகள், அதாவது அந்தக் குழந்தையே, பேச்சை நிறுத்திவிட்டாள். மீதி மொழிபெயர்க்கப்படவில்லை.

வேர்க்மன் தம்பதியருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மகன் 1893இல் சிறுவயதிலேயே நோயால் இறந்தான். மகள் ரேச்சல் பெற்றோரைப் பிரிந்து பாடசாலை விடுதியில் வளர்ந்து பின்னாளில் புவிச்சரிதவியல் ஆய்வாளரானாள். அந்தத் தாயைக் குறைசொல்லச் சிலருக்கு நாக்கு துடிக்கும். எங்கள் ஊவாவிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் தாண்டிய தாய்மாரை நினைத்தால் எனக்குக் குறைசொல்ல வாய் வருவதில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: ஃபானி அம்மையார் விரும்பிப் போனார், இவர்கள் வேறு வழியின்றிப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஸுப்ஹுக்குப் பின் அவர்கள் பசறைப் பாதையால் புறப்பட்டார்கள். நானா கூலி வாங்க மறுத்து, ரிம்முக்கு உரிய பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அம்மையாரின் குறிப்புப் புத்தகத்தில் எங்கள் தெருவிலுள்ளவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்ததை நானே பார்த்தேன். என் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

அன்று வகுப்பில் அந்த மாணவன் மறுபடி எழுந்தான். "பதினெட்டு முடியல்ல சேர். அப்ப முஸாபிர்தான்."

சட்டப்படி சரி என்றேன். நானாவின் வீட்டில் மட்டும் இன்னும், "எங்கட வெள்ளைக்கார தாத்தா போய்ச் சேர்ந்திருப்பாவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.