முனை மாறினால் மொழி மாறுமா?

பழைய பொருளைத் தூக்கி எறிவது எளிது. ஆனால், எங்கள் வீடு போன்ற வீடுகளில் எந்தப் பொருளும் அவ்வளவு விரைவில் குப்பைக்குப் போவதில்லை. என் மடிக்கணினியில் சில விசைகள் பழுதானபோது, தெரிந்தவர் ஒருவர் தம் பழைய விசைப்பலகையைத் தந்தார். அதன் முனையோ வட்டம். கணினியின் சாக்கெட்டோ நீள்சதுரம். இரண்டையும் பொருத்தும் சிறு அடாப்டர் ஒன்றைக் கடையில் வாங்கிச் செருகினேன். பலகையின் விளக்குகள் ஒருமுறை மின்னின. எழுத்து ஒன்றுகூட வரவில்லை! அப்பாவின் கூலிப் பணம் வீணாயிற்றே என்று மனம் நொந்தேன். அதன் காரணத்தைத் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

அந்த வட்ட முனைக்குப் பி.எஸ்./2 என்று பெயர். 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி வரிசையின் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. அதில் ஆறு பின்கள் உண்டு. பின்னாளில் விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என நிறமும் வகுத்தனர். 1996இல் வந்த யு.எஸ்.பி. முறை, மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு முறைகளுக்கும் 5 வோல்ட் மின்சாரமே. ஆகவேதான் விளக்குகள் மின்னின. ஆனால், பேசும் முறை வேறு. பி.எஸ்./2 பலகையில் விசையை அழுத்தினால், பலகை தானே முன்வந்து விசையின் குறியெண்ணை அனுப்பும். ஒவ்வொரு கட்டும் 11 பிட்டுகள் கொண்டது. யு.எஸ்.பி.யிலோ, ‘செய்தி உண்டா?’ என்று கணினி அடிக்கடி கேட்கும். கேட்டால்தான் பலகை விடை கூறும்.

நான் வாங்கிய அடாப்டர் கம்பிகளை மட்டுமே இணைப்பது. இரு முறைகளையும் அறிந்த பலகைக்கே அது பயன்படும். மற்றவற்றுக்கு, உள்ளே சில்லு பொருத்திய கன்வெர்ட்டர் வேண்டும். அச்சில்லுதான் மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் ஊதா, பச்சை என இரண்டு சாக்கெட்டுகளுடன் அது கிடைக்கும்.

மேசைக் கணினியில் பி.எஸ்./2 சாக்கெட் இருந்தால் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால், கணினியை அணைத்த பின்னரே செருக வேண்டும். ஓடும்போது செருகினால் பலகை இயங்காமல் போகலாம், சாக்கெட்டும் பழுதாகலாம்.

பின்னர்ச் சில்லுள்ள கன்வெர்ட்டரை வாங்கினேன். இக்கட்டுரையை அப்பழைய பலகையில்தான் தட்டச்சு செய்தேன். எனவே நண்பர்களே, கடைக்குச் சென்றால் ‘முனை பொருந்துமா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘உள்ளே சில்லு உண்டா?’ என்றும் கேளுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும். ஒரு நல்ல விசைப்பலகையும் பிழைக்கும்.