பண்டாரி எல்லாத் தட்டுக்கும் வரவேண்டாம்: ரத்தக் கொதிப்பு மருத்துவம் எப்படி இயங்குகிறது?

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பேர்பெற்ற நாசி கண்டார் கடைகளில், சோற்றுக்கு ஆணம் (குழம்பு) ஊற்றித் தருபவர் சமையல்காரரான பண்டாரி இல்லை. அவர் மசாலா கூட்டி, ஆணங்களைக் கொதிக்கவிட்டு, உப்பு உறைப்பு பார்த்து முடித்திருப்பார். முன்னால் நின்று மீனாணம் கொஞ்சம், கோழியாணம் கொஞ்சம் என்று கலந்து ‘பாஞ்சிர்’ ஊற்றுவது கரண்டி பிடித்த தம்பி. தெருவரை நீளும் வரிசை நகர்வது அதனால்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பண்டாரியே வரவேண்டும் என்றால் பாதிப் பேர் பசியோடு திரும்ப வேண்டியதுதான்.

ரத்தக் கொதிப்பு மருத்துவத்தில் பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. மலேசியா உட்பட 17 நாடுகளில் நடந்த ‘பியூர்’ ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. ரத்தக் கொதிப்பு இருந்தவர்களில் 46.5 விழுக்காட்டினருக்கே அது தெரிந்திருந்தது. மருந்து சாப்பிட்டவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. இத்தனைக்கும் அந்த மாத்திரைகள் பழையவை. பெரும்பாலானவை விலை மலிந்தவை.

காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து ஒரு வாரம். இதற்கு ஆயுள் முழுக்க. ஆணச் சட்டியின் அடியில் சிறுதீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும்; தீ அணைந்தது உடனே தெரியாது, ஆணம் கெட்ட பிறகுதான் தெரியும். மாத்திரையை நிறுத்தியவருக்கும் அன்று எதுவும் வலிக்காது. நல்லாத்தானே இருக்கோம் என்று ஒரு மாதம் போகும், ஒரு வருஷம் போகும். ரத்தக் குழாயின் உட்சுவர் மட்டும் ஓசையில்லாமல் சேதமாகிக்கொண்டிருக்கும்.

ஆக, எந்த மருந்து என்பதற்கு நெடுநாள் முன்பே விடை கிடைத்துவிட்டது. கரண்டியை யார் கையில் கொடுப்பது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 ஊர்களில் நடந்த ‘ஹோப்-4’ சோதனை அதைத்தான் எடுத்துக்கொண்டது. முடிவு 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ரத்தக் கொதிப்பு புதிதாகக் கண்டறியப்பட்டவர்களும் கட்டுக்குள் வராதவர்களுமாக 1,371 பேர் கலந்துகொண்டார்கள். 16 ஊர்களில் வழக்கமான மருத்துவம். 14 ஊர்களில் புது ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில், மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர் அழுத்தத்தை அளக்கிறார். கையிலிருக்கும் கணினிப் பலகை அடுத்து என்ன செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறது. அதுதான் பண்டாரி எழுதிக் கொடுத்த செய்முறை. அதன்படி பணியாளர் மருந்தைப் பரிந்துரைக்கிறார், மேற்பார்வை மருத்துவருடையது. ரத்தக் கொதிப்பு மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இலவசம். குடும்பத்திலோ நட்பிலோ ஒருவர் துணைக்கு வருகிறார். சட்டியடியில் தீ எரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. என் கணிப்பில், பணியாளர், இலவச மருந்து, துணை என்ற மூன்றிலும் நாம் மிகக் குறைவாக மதிப்பது இந்தத் துணையைத்தான்.

செய்முறைக்குள் ஏன் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கின்றன என்று நம்மவர்கள் பயப்படுவதுண்டு. ஒரே ஆணத்தை இரண்டு கரண்டி ஊற்றுவதைவிட இரண்டு ஆணம் கலந்தால் ருசி கூடுவது போலத்தான் இதுவும். அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். தயாசைடு வகை உப்பையும் நீரையும் வெளியேற்றும். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது அழுத்தத்தைச் சுமார் 5 மடங்கு கூடுதலாகக் குறைக்கும் என்று 42 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஸ்டாட்டின் வேலை செய்யும் இடம் கல்லீரல். அங்கே கொழுப்பு உற்பத்தி குறைந்ததும், கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது.

ஓராண்டு முடிவில் புது ஏற்பாட்டு ஊர்களில் 69 விழுக்காட்டினரின் அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்தது. மற்ற ஊர்களில் 30 விழுக்காடுதான். புது ஏற்பாட்டு ஊர்களில் மேல் அழுத்தம் மற்ற ஊர்களைவிட 11 புள்ளிக்கு மேல் கூடுதலாக இறங்கியிருந்தது. மாரடைப்பும் மரணமும் எவ்வளவு குறையும் என்று சொல்ல ஓராண்டு போதாது. அழுத்தத்தோடு சோதனை அளந்தது அவற்றுக்கான அபாயத்தை மட்டுமே.

பினாங்கில் சட்டி காலியாக இல்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதற்குள்ளேயே. ஆனாலும் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு ரத்தக் கொதிப்பு.

அந்த ஒரு வெள்ளிக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து நாசி கண்டார் அடுப்பங்கரைகளில் வேலை செய்பவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், பல மடங்கு. நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் நிற்பவரை, ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் அடுத்த விடுப்புவரை வெறுமனே காத்திருக்கும்படி விடக்கூடாது. ஹோப்-4 காட்டிய வழிக்கு ஒரு பணியாளரும் கணினிப் பலகையும் ஓர் அழுத்தமானியும் மாத்திரையும் துணைக்கு ஒருவரும் மேற்பார்க்க ஒரு மருத்துவரும் போதும். மதிய வரிசை கலைந்த நேரத்தில் கடை மேசையிலேயே உட்கார்ந்து அளந்துவிடலாம். முதலாளிகளும் மாநிலச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு தெருவிலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.