ஏரிக்கரைக் குடும்பங்கள் தந்த கல்வி

குடும்பத்திடமிருந்து பெற்ற வாழ்க்கைப் பாடங்களுக்கு நன்றி பாராட்டுதல் பெரும்பாலும் பெற்றோரைப் போற்றும் சொற்களோடு நின்றுவிடுகிறது. ஆயினும், உணவும் தொழிலும் உறவும் ஒரே நீர்நிலையைச் சார்ந்திருக்கும் ஊர்களில், கற்ற பாடத்தின்படி நடந்துகொள்வதும், அப்பாடத்துக்கு அடிப்படையான நீரையும் நிலத்தையும் அடுத்த தலைமுறையிடம் குறைவின்றி ஒப்படைப்பதும் சொல்லைவிடப் பெரிய நன்றியாக அமைகின்றன. பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்களின் வாழ்க்கைமுறை இதற்குத் தெளிவான சான்றாகும்.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தருகே திருவள்ளூர் மாவட்டத்து ஆரம்பாக்கம் உள்ளது. அதன் கிழக்கே விரியும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும்; அதாவது, ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி முதலியவை கொண்டுவரும் நன்னீரும் வங்கக்கடலிலிருந்து உள்ளேறும் உப்புநீரும் கலந்து நிற்கும், ஆழம் குறைந்த நீர்ப்பரப்பாகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் கடலையும் பிரித்து நிற்க, முகத்துவாரம் எனப்படும் குறுகிய வாய்களின் வழியே இரண்டும் இணைகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருப்பதால், கரையிலுள்ள குப்பங்களில், அதாவது மீனவர் குடியிருப்புகளில், தமிழோடு தெலுங்கும் புழங்குகிறது.

இந்நீரில் தொழில் செய்வதற்கான அறிவு பெரும்பாலும் வீட்டின் வழியாகவே வருகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது; அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உணவு மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, மீண்டும் கடலை நோக்கித் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் காலம் எது, வற்றும் நீரோடு அவை எந்த வழியாக இறங்கும், வாடைக்காற்று வீசும்போது வலையை எங்கே கட்டலாம், மழைக்குப் பின் நீரின் உப்பு குறைந்தால் மடவையும் நண்டும் எங்கே ஒதுங்கும் என்பனவற்றைத் தந்தையோடும் தாய்மாமனோடும் படகேறும் சிறுவன் பார்த்தும் கேட்டும் பழகிக்கொள்கிறான். கரைக்கு வந்த மீனைத் தரம் பிரிப்பது, உப்பிட்டுக் கருவாடாக்குவது, கூடை சுமந்து சந்தையில் விலை பேசுவது, மீன்பாடு குறையும் மாதங்களுக்கெனச் சிறிது ஒதுக்கி வைப்பது ஆகியவை தாயிடமும் பாட்டியிடமும் பெறும் கல்வியாகும். ஏரியிலும் அதைச் சார்ந்த ஓடைகளிலும் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் சமூகத்துப் பெண்களும் அத்திறனைத் தம் தாயரிடமிருந்தே பெற்றவர்கள்.

இவ்வறிவினும் அரிய பாடம் ஒன்று 'பாடு' முறையில் அடங்கியிருக்கிறது. நீரோட்டத்தின் குறுக்கே கழிகளை நட்டு வலை கட்டுவதற்கேற்ற இடங்கள் ஏரியில் சிலவே உள்ளன. அவற்றிலும் முகத்துவாரத்தை ஒட்டியவை மிகுந்த மீன் கிடைப்பவை. அவ்விடங்களுக்காக ஊர்கள் மோதிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, உரிமையுள்ள தலைக்கட்டுகளை, அதாவது ஊர்வரி செலுத்தும் குடும்பங்களைக் குழுக்களாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என முறை வகுக்கும் வழக்கத்தைப் பட்டினவர் சமூகத்தார் பழவேற்காட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றி வந்துள்ளனர். மணமாகித் தனிக் குடும்பமாகும் மகன் தந்தைவழியில் இவ்வுரிமையைப் பெறும்போது, இன்று தான் வலை கட்டும் இடம் நாளை மற்றொருவருக்குரியது என்னும் கடமையையும் சேர்த்தே பெறுகிறான். பிறருடைய முறை வரும்போது விலகி நிற்கவேண்டும் என்னும் நீதி, அறநூலைப் படிப்பதற்கு முன்பே அன்றாடத் தொழிலின் வழியாக அவனுக்குப் பழக்கமாகிவிடுகிறது.

இத்தகைய ஒழுங்கு பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் நீர்கொழும்புக் காயலில் 'கட்டுதெல்' எனப்படும் கட்டுவலை மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை அந்நாட்டு அரசு 1958ஆம் ஆண்டு விதிமுறைகளாகவே வகுத்தது. துருக்கியின் அலன்யாக் கடற்கரையில் மீனவர்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் சீட்டெடுத்து, பின்னர் நாள்தோறும் ஓர் இடம் நகர்ந்து எல்லோரும் நல்ல இடங்களைப் பெறும் முறையை, எலினோர் ஆஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து அதைக் காக்கவும் முடியும் என நிறுவிய அவ்வறிஞருக்கு 2009ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகம் அண்மையில் போற்றத் தொடங்கிய அறிவை ஏரிக்கரைக் குடும்பங்கள் முன்பே தம் பிள்ளைகளுக்குக் கையளித்து வந்துள்ளன.

எனினும், முன்னோர் தந்ததை அப்படியே ஏற்பது நன்றியாகிவிடாது. பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கே உரியதாக இருந்ததால், உழைப்பில் பாதியைச் சுமக்கும் பெண்களும், இருளர் உள்ளிட்ட பிற மக்களும் அந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். முறை வைத்துப் பகிர்தல் என்னும் பாடத்தின் நீதியை உணர்ந்தவர்கள், அந்நீதியை இதுவரை அதனைப் பெறாதவர்களுக்கும் விரிப்பதே முன்னோருக்குச் செய்யும் பெரிய சிறப்பாகும்.

இன்று முகத்துவாரம் மணலால் தூர்வதும், ஏரி ஆழம் குறைவதும், கழிவுகள் கலப்பதும், கரையோரத் தொழில்களின் விரிவாக்கமும் ஏரித் தொழிலை நெருக்குகின்றன. வருவாய் குறையக் குறைய, இளைஞர்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் சென்னையிலும் வேலை தேடுகின்றனர். அவ்வாறு செல்வது குற்றமன்று. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு விரும்புவதும் அதுவே. ஆனால், மூத்தோரின் அறிவு எழுதி வைக்கப்படாமல் போனால் அது அவர்களோடு மறையும். ஏரி அழிந்துவிட்டாலோ எழுதி வைத்தும் பயனில்லை. ஆகவே, ஏரிக்கரைப் பள்ளிகள் இம்மக்களின் அறிவைப் பாடமாக ஏற்கவேண்டும். ஏரியைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் அரசுகள் மீனவப் பெண்களையும் இருளரையும் உள்ளிட்ட ஊரார் அனைவரையும் முதலில் கேட்கவேண்டும். தம் குடும்பத்திடம் கற்ற நல்லொழுக்கத்துக்கு நன்றி கூற விரும்பும் ஒவ்வொருவரும், அக்கல்வியைத் தந்த மண்ணையும் நீரையும் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்பாராக.