கரும்பு வில்லும் காதல் கதையும்

வார இதழ் கைக்கு வந்ததும் தொடர்கதைப் பக்கத்தைத் தேடாதவர் நம்மில் எத்தனை பேர்? நாயகன் நாயகியைப் பார்த்த மாத்திரத்தில் மன்மதன் அம்பு பாய்ந்துவிடும்! இந்த அம்பு நமக்கு மட்டும் உரியதல்ல.

கிரேக்கர்களின் காதல் தெய்வம் ஈரோஸ். அவன் கையிலும் வில் உண்டு. கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹீசியட் என்னும் புலவர், அவனை உலகத் தொடக்கத்திலேயே தோன்றிய ஆதி தெய்வங்களில் ஒருவனாகப் பாடினார். உரோமானியர் அவனைக் கியூபிட் என்றனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிய கதையில், அவனே சைக்கி என்ற மானிடப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். சந்திப்பு, பிரிவு, சோதனை, மறுபடியும் கூடுதல் என்ற அந்த வழியில்தான் இன்றைய காதல் நாவல்கள் பலவும் நடக்கின்றன.

நம் மன்மதனுக்குக் கரும்பே வில், வண்டுகளே நாண், ஐந்து மலர்களே அம்புகள். ஆனால் அவனுக்கு நேர்ந்த கதி ஈரோசுக்கு நேரவில்லை. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் அவன் சாம்பலானான். கணவனை இழந்த ரதியின் புலம்பலுக்கென்றே காளிதாசர் குமாரசம்பவத்தில் ஒரு சருக்கம் ஒதுக்கினார்.

தமிழ் இலக்கியத்திலோ இரண்டு பெண்கள் இவன் முன் நிற்கிறார்கள். திருமாலே தனக்குக் கணவனாக வேண்டும் என்று ஆண்டாள் காமனை நோற்றுக் கேட்கிறாள். சிலப்பதிகாரத்தில், காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் வருவான் என்று தோழி தேவந்தி சொல்ல, அது பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள் கண்ணகி. ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாள். மற்றவள் கேட்க மறுத்தாள். இருவரையும் நாம் கும்பிடுகிறோம்!

இந்தக் கதை ஏட்டோடு நிற்கவில்லை. நம்மைப் போலவே தோட்டத்துக்கு வந்த இலங்கை மலையகத் தமிழர்கள், மாசி மாதத்தில் காமன் கூத்தாக இதை ஆடுகிறார்கள். தப்பு முழங்க, தொழிலாளர்களே ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டுகிறார்கள். ரதி அழுதால் பார்ப்பவர் கண்ணும் கலங்கும்.

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. வீட்டில் வயதான பாட்டி இருந்தால், ரதி மன்மதன் பாட்டு தெரியுமா என்று இன்றே கேளுங்கள். தெரிந்தால் எழுதி வையுங்கள். காதல் என்றாலே கெட்ட பேச்சு என்று பிள்ளைகளின் கதைப் புத்தகத்தைப் பிடுங்கும் பெற்றோரே, ரதியின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அம்பு பாய்வது ஒரு நொடி. அதன்பின் உறுதியாக நிற்பதுதான் காதல் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.